குறுக்கே வந்த நாய்

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தவளைத் தெருவில் எல்லோரும் கர்ட்டன்காரி என்றுதான் சொல்வார்கள். அவள் புருஷன் ரொட்டிக்காரர். ரொட்டி சுடுகிறவர் இல்லை; ரொட்டிக் கம்பெனியின் வேனை ஓட்டுகிறவர். நான் கீழ்த்தளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக ஊராரின் பிறப்பும் இறப்பும் விவாகரத்தும் என் மெஷின் வழியாகத்தான் போய்வருகின்றன. யாருடைய காகிதத்தையும் படிப்பதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். கர்ட்டன்காரியின் காகிதங்கள் வர ஆரம்பித்ததும் அந்தக் கொள்கை காற்றில் போய்விட்டது.

அவள் துணி வெட்டுவதைப் பார்க்க வேண்டும். கூடத்தில் இருக்கிற நாற்காலிகளை எல்லாம் படுக்கை அறைக்குள் தள்ளிவிட்டு, தரை முழுக்கத் துணியை விரிப்பாள். கோடு போட மாட்டாள். முழங்காலில் நகர்ந்துகொண்டே கத்தரிக்கோலைத் தண்ணீரில் படகு போவதுபோல ஓட்டுவாள். மேல் மடிப்புக்கு நாலு விரல், கீழ் மடிப்புக்கு ஆறு விரல். டேப் கழுத்தில் அலங்காரத்துக்குத்தான் தொங்கும். “விரல் பொய் சொல்லாதுக்கா, டேப்தான் இழுத்தா நீளும்” என்பாள்.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணிக்கு. மாணவர் விடுதி ஒன்றுக்கு இருபத்திரண்டு ஜன்னல்களுக்குக் கர்ட்டன். பதினோரு மணிக்குள் மாட்டிக்கொடுப்பதாகப் பேச்சு. இரண்டு வாரம் முதுகு ஒடிய உட்கார்ந்து தைத்திருந்தாள். அவர்களுடைய பழைய காரின் பின் சீட்டில் துணி மூட்டைகள் கூரை வரைக்கும் இருந்தன. முன் சீட்டில் அவள், மடியில் கம்பி வளையங்கள் போட்ட டப்பா. வேனை விட்டு இறங்கிய கையோடு ரொட்டிக்காரர் காரில் ஏறியிருந்தார். அந்த வாரம் இன்னொரு டிரைவர் லீவு. அவருடைய கடைகளுக்கும் இவரே ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர்த் தொட்டி வளாகத்துக்கு அருகே சாலை வலது பக்கம் வளைகிறது. கார் வளையவில்லை. நேராகப் போய் மதில் சுவரில் மோதியது. அவள் வலது கையை முன்னால் ஊன்றினாள். முழங்கை நொறுங்கிப்போயிற்று. அவருக்கு நெற்றியில் ஒரு கீறல். அதுவும் கண்ணாடி உரசியது. பின்னால் இருந்த துணிகளுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மறுநாள் விடுதிக்காரர்கள் ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த போலீஸ்காரர் எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, நாய் குறுக்கே வந்தது என்று ரொட்டிக்காரர் சொன்னார். போலீஸ்காரர் கட்டிலில் கிடந்தவளிடமும் கேட்டார். அவள் வலியில் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். அந்தத் தலையசைப்பையும் எழுதிக்கொண்டு போனார். அன்றைக்கே இரண்டு பக்கத்தில் முதல் காகிதம் தயாராகிவிட்டது. பிறகு அதைத்தான் நான் முப்பது தடவையாவது நகல் எடுத்திருப்பேன்.

முதல் ஆபரேஷனில் எலும்பைத் தகடு வைத்துச் சேர்த்தார்கள். கை கையாக இருந்தது, விரல்கள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. நரம்பு எங்கேயோ மாட்டிக்கொண்டிருக்கிறது, இன்னொரு ஆபரேஷன் செய்து அதை விடுவிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் செய்தால்தான் பலன், தள்ளிப்போனால் உத்தரவாதம் இல்லை என்று எலும்பு டாக்டர் சொன்னார். அதைச் செய்கிறவர் வேறு ஆஸ்பத்திரியில் இருந்தார். அவருடைய கட்டணத்தைக் கேட்டுவிட்டு இருவரும் படியில் உட்கார்ந்துவிட்டார்களாம்.

அப்போதுதான் யாரோ சொல்லி, இன்சூரன்ஸில் நஷ்டஈடு கேட்கலாம் என்று தெரிந்தது. வக்கீலைப் பார்க்க நானும் கூடப் போனேன். ரொட்டிக்காரருக்கு வேலை, மகளுக்குக் கல்லூரி. வக்கீல் ஒல்லியான மனுஷர், பேசும்போது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். போலீஸ் காகிதத்தைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“ஓட்டினவர் மேல தப்பு இருந்தா, கூட உட்கார்ந்து வந்தவங்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்தாகணும். புருஷனா இருந்தாலும் சரி, யாரா இருந்தாலும் சரி. ஆனா இதுல யார் மேலயும் தப்பே இல்லையேம்மா. நாய் குறுக்க வந்துச்சுன்னா, நாய் மேலதான் கேஸ் போடணும்.”

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவிட்டேன். கர்ட்டன்காரி சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையை மடியில் குழந்தையைப்போல வைத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“நாயே வரலைக்கா.”

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

“தூங்கிட்டாரு. நான் திரும்பிப் பாக்கறேன், கண்ணு மூடியிருக்கு. கத்தறதுக்குள்ள சுவரு வந்துடுச்சு.”

வீட்டில் அவர் அதை ஒத்துக்கொண்டாரா என்று கேட்டேன். இல்லையாம். அவளிடம்கூட நாய் என்றுதான் சொல்கிறாராம். முதலில் வெறும் நாயாக இருந்தது, பிறகு செவலை நாயாகி, இப்போது ஒரு காது மடங்கிய செவலை நாயாகியிருந்தது. “கேக்கறப்ப எனக்கே பார்த்த மாதிரி இருக்கு” என்றாள்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அந்த மூன்று மாதமும் அவர் செய்த வேலையை நான் பார்த்தேன். வேனை விட்டுவிட்டு வந்ததும் சமைப்பார், பாத்திரம் தேய்ப்பார், அவளுக்கு மோர் கலந்து கொடுப்பார். மகள் அவளுக்குத் தலை பின்னிவிடுவாள். மகள் இல்லாத நாட்களில் அவரே சீப்பை எடுப்பார். ரொட்டித் தட்டு தூக்கிக் காய்ப்பு ஏறிய கை, முடியை இழுத்துவிடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். எல்லாம் செய்தார். அந்த ஒரு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. சொன்னால் லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் வேன் போகும். வேன் இருப்பதால்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியாததா. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அந்த எறும்புக்காவது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ஓடிப் பார்க்க முடியும். இவள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள்.

இடது கையால் வெட்டிப் பார்த்தாள். கத்தரிக்கோல் வலது கைக்காகச் செய்தது. இடது கையில் துணியைக் கடித்து மென்றது. நல்ல நீலத்துணி ஒன்று வீணாயிற்று. அதற்கப்புறம் மெஷின் மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டாள்.

மனுவில் வக்கீல் நாயை விட்டுவிட்டு “ஓட்டுநரின் கவனக்குறைவு” என்று மட்டும் எழுதி அனுப்பினார். அதை விசாரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கடையில் என்னிடம் வழி கேட்டதால் நானே மாடிக்குக் கூட்டிப்போனேன். வியர்த்து வழிந்தவர் தண்ணீர் கேட்டார், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தார், பேனாவைத் திறந்தார். முகத்தில் விரோதம் எதுவும் இல்லை. ஒரு நாளைக்கு நாலு வீடு போகிறவரின் அலுப்புதான் இருந்தது. ரொட்டிக்காரரும் இருந்தார். சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

எப்படி நடந்தது என்று வந்தவர் கேட்டதும் கர்ட்டன்காரி புருஷனைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாள் என்பது எனக்கே புரிந்தது. அவர் கை துடைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

“அவர் தூங்கிட்டாருங்க” என்றாள் அவள். “நாய் எதுவும் வரலை.”

கம்பெனி ஆள் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

ரொட்டிக்காரர் மெதுவாகத்தான் பேசினார். “அவ வலி மாத்திரை சாப்பிடறா சார். ரெண்டு மாசமா சரியாத் தூக்கம் இல்லை. ஞாபகம் குழம்பிப் போச்சு. நாய்தான் சார் வந்துச்சு.”

அவள் எழுந்து உள்ளே போனாள். கம்பெனி ஆள் இரண்டு பேர் சொன்னதையும் எழுதி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். அவளுக்கு இடது கை. கையெழுத்துக்குப் பக்கத்தில் சாட்சிக்கு நான் போட்டேன். வாசலில் செருப்பை மாட்டும்போது என்னிடம், “வீட்டுக்கு வீடு வாசப்படிங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. ஓட்டுநரின் வாக்குமூலமும் காவல் துறை ஆவணமும் மனுதாரரின் முதல் வாக்குமூலமும் ஒன்றாக இருக்கின்றன, மனுதாரர் நஷ்டஈடு கருதிப் பிற்பாடு மாற்றிச் சொல்வதாகத் தெரிகிறது, ஆகவே நிராகரிக்கப்படுகிறது. நாத்தனார் ஊரிலிருந்து வந்து, புருஷனைக் காட்டிக்கொடுத்தும் காசு கிடைக்கவில்லையே என்று ஒரு நாள் முழுக்க இருந்து பேசிவிட்டுப் போனாள். கர்ட்டன்காரி அவளுக்கும் ஒற்றைக் கையால் தட்டை நகர்த்திச் சோறு போட்டாள். புருஷனும் பெண்டாட்டியும் அந்த நாட்களில் மகள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள். “அப்பாவை சாப்பிட வரச் சொல்லு.” “அம்மா மாத்திரை போட்டாளான்னு கேளு.” மூன்று பேரும் இருப்பதோ ஒரே கூடத்தில்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மத்தியானம் ரொட்டிக்காரர் தனியாகக் கடைக்கு வந்தார். நல்ல மழை. ரொட்டிக் கம்பெனிச் சட்டை தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஒரு லெட்டர் டைப் அடிக்கணும்க்கா. நான் சொல்றேன்.”

சொன்னார். அன்று விடிவதற்கு மூன்று மணி நேரம் முன்பே எழுந்ததாகவும், இரண்டு ஆள் வேலையை முடித்துவிட்டுக் காரை எடுத்ததாகவும், வளைவுக்கு முன்னால் கண் மூடிவிட்டதாகவும், நாய் வரவில்லை என்றும், பயத்தில் பொய் சொன்னதாகவும், தன் மனைவி சொன்னதே உண்மை என்றும். ஒன்பது வரிகள். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். உதட்டை அசைத்துப் படித்தார்.

“ரெண்டு காப்பி” என்றார். “கம்பெனிக்கு ஒண்ணு. போலீசுக்கு ஒண்ணு.”

போலீசுக்கு எதற்கு என்று கேட்டேன். அங்கே மாற்றாமல் இங்கே மாற்றினால் நம்ப மாட்டார்களாமே என்றார். வேலை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். “அவளை நான் பைத்தியக்காரி ஆக்கிட்டேன்க்கா, வேத்து ஆள் முன்னாடி. அன்னையிலிருந்து சோறு இறங்கலை.” அந்த இரண்டு தாளுக்கு நான் காசு வாங்கவில்லை. அவர் வைத்துவிட்டுத்தான் போனார்.

ஒரே கடிதம்தான், ஒரே மெஷினில், ஒரே மையில் அச்சானது. போலீஸ் அதை அப்படியே நம்பியது. அஜாக்கிரதையாக ஓட்டியதற்கும் பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கும் சேர்த்து லைசென்ஸை இரண்டு வருஷத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். ரொட்டிக் கம்பெனி அந்த வாரமே சாவியை வாங்கிவிட்டது. இன்சூரன்ஸ் கம்பெனி அதை நம்பவில்லை. மனு தள்ளுபடியான பிறகு கணவனும் மனைவியும் கலந்து பேசி ஒரே மாதிரிச் சொல்ல முன்வந்திருப்பதாகத் தெரிகிறது என்று பதில் எழுதியது. பொய் ஒன்று, உண்மை ஒன்று என்று ஆளுக்கொன்று சொன்னபோதும் நம்பவில்லை. இரண்டு பேரும் உண்மையைச் சொன்னபோதும் நம்பவில்லை.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் இந்தக் கடிதங்கள் போய்வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்தத் தேதியை அவள் காலண்டரில் குறித்து வைத்திருக்கவில்லை, ஆனால் தெரியும். அன்றைக்குக் காலையில் கீழே வந்து, கடை வாசலில் நின்று, மடங்கிய இரண்டு விரலையும் இடது கையால் நிமிர்த்திப் பார்த்தாள். விட்டதும் மடங்கிக்கொண்டன. “பழகிடுச்சுக்கா” என்றாள். அவளுக்குப் பழகியதா, விரலுக்குப் பழகியதா என்று எனக்குத் தெரியவில்லை.

மேல்முறையீடு ஒன்று பாக்கி இருக்கிறது என்று வக்கீல் சொன்னார். படிவத்தைப் பூர்த்தி செய்ய இருவரும் சேர்ந்து கடைக்கு வந்தார்கள். ரொட்டிக்காரர் இப்போது ஒரு கிடங்கில் மூட்டை எண்ணும் வேலையில் இருந்தார்; நடந்தே போய்வந்தார். வந்திருந்த கூட்டத்தை அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். பெயர், வயது எல்லாம் எழுதினேன். “விபத்து நடந்த விதம்” என்ற இடத்துக்கு வந்ததும் அவர் அந்த ஒன்பது வரியையே ஒப்பித்தார். பாடம்போல வந்தது. கண் மூடிய இடத்துக்கு வந்தபோது அவள் குறுக்கிட்டாள்.

“அதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லுங்க.”

“என்ன முன்னாடி?”

“கிளம்பி கொஞ்ச தூரத்துல கேட்டீங்களே.”

அவர் மேஜையைப் பார்த்தார். “அது எதுக்கு இப்ப?”

அவள் என்னிடம் திரும்பினாள். “ஓரமா நிறுத்தி அஞ்சே நிமிஷம் கண்ணை மூடிக்கிறேன்னு கேட்டாருக்கா. கண்ணெல்லாம் செவந்து கிடந்துச்சு. நான்தான் வேண்டாம்னேன். பதினோரு மணிக்குள்ள மாட்டணும், அப்புறம் வீட்டுக்கு வந்து நல்லாத் தூங்குங்கன்னேன். அதனாலதான் ஆஸ்பத்திரில அவர் நாய்னு சொன்னப்ப நானும் தலையாட்டினேன். எனக்கும் அந்த நாய் வேண்டியிருந்துச்சு.”

நான் பேனாவைத் தாளில் வைத்தேன்.

“அதை எழுதாதீங்கக்கா” என்றார் அவர்.

எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவரை ஓட்டச் சொன்னது நீதான், உன் கை போனதில் உனக்கும் பங்கு என்பார்கள். நான் அதை அவளிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

“எழுதுங்கக்கா. என் பேர்லதானே மனு.”

எழுதினேன். அவர் எழுந்து பாதி ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே போய் நின்றுகொண்டார். அவள் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். இதற்குள் அது ஓரளவு கையெழுத்துப்போல ஆகியிருந்தது.

தீர்ப்பு வர ஐந்து மாதம் ஆயிற்று. அதற்குள் அவள் ஒரு பெரிய துணிக்கடையில் கர்ட்டன்களுக்கு வளையம் கோர்க்கிற வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். வேறு யாரோ வெட்டியது, வேறு யாரோ தைத்தது. மடிப்பு கோணலாக இருந்தால் சொல்லக் கூடாது, கோர்க்க வேண்டியதுதான்.

உறையைத் தபால்காரரிடமிருந்து வாங்கியவர் ரொட்டிக்காரர். வேன் போய் வருஷம் திரும்பப்போகிறது, தெருவில் இன்னும் அதே பெயர்தான். நேராகக் கடைக்குத்தான் வந்தார். இரண்டு தாள்கள். முதல் தாளில் மேல்முறையீடு தள்ளுபடி என்று இருந்தது. இரண்டாவது தாளில் காரணம் இருந்தது. கணவர் ஓய்வு கேட்டும் மனுதாரர் தன் வேலையின் பொருட்டு வற்புறுத்தி ஓட்ட வைத்ததாக அவரே ஒப்புக்கொண்டிருப்பதால், காயத்துக்கு அவரும் பொறுப்பாகிறார். அப்படியே அச்சில்.

அவர் இரண்டாவது தாளை மடித்துத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். முதல் தாளை என் முன்னால் வைத்தார்.

“அவ வேலை முடிஞ்சு இந்த வழியாத்தான் வருவா. இதைக் கொடுங்க. இவ்வளவுதான் வந்துச்சுன்னு சொல்லுங்க. நான் கொடுத்தா என் மூஞ்சியில தெரிஞ்சுடும்.”

செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஒரு பொய் என்ன செய்தது என்று என்னைவிட யார் பார்த்திருக்கிறார்கள். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அவர் வெளியே போய், எதிர்ச் சுவர் ஓரமாக நின்றார்.

அவள் ஐந்தரை மணிக்கு வந்தாள். தாளைக் கொடுத்தேன். தள்ளுபடி ஆகிவிட்டது, காரணம் ஒன்றும் எழுதவில்லை, இந்த ஒரு பக்கம்தான் வந்தது என்று சொன்னேன். அவள் படித்தாள். மேலிருந்து கீழ் வரைக்கும் படித்துவிட்டு, தாளின் அடியில் கண்ணை வைத்தபடி நின்றாள். நான் எட்டிப் பார்த்தேன். பொடி எழுத்தில் “பக்கம் 1, மொத்தம் 2” என்று இருந்தது. பதினெட்டு வருஷமாகக் காகிதத்தோடு கிடப்பவள், என் கண்ணுக்கு அது படவில்லை.

அவள் தாளை மேஜை மேல் வைத்து, இடது கையால் ஓரம் சேர்த்து மடித்தாள். மடிப்பு நேராக வந்தது. பைக்குள் வைத்துக்கொண்டு தெருப்பக்கம் பார்த்தாள்.

“சரிக்கா” என்றாள். “அவரை உள்ள வரச் சொல்லுங்க. வெயில்ல எதுக்கு நிக்கிறாரு.”